ஆகாயத் தூரமும் பயண நேரமும்: கரிசல் மண்ணிலிருந்து ஒரு கணக்கு

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்.



கோவில்பட்டியையும் அதைச் சூழ்ந்த கரிசல் ஊர்களையும் சேர்ந்த நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அங்கிருந்து இங்கே வர எத்தனை மணி நேரமாகும்?" ஹஜ்ஜுக்குப் புறப்படும் தாயிடம் பேரன் கேட்பான். ஜித்தாவில் வேலை பார்க்கும் மகனிடம் தந்தை கேட்பார். ஜனாஸா வீட்டின் முற்றத்தில் நின்றபடி பள்ளிவாசல் தலைவர் கைபேசியில் கேட்பார்.

விடை எளிதுதான். கோவில்பட்டிக்கும் புனித மக்காவுக்கும் இடையே உள்ள ஆகாயத் தூரம், அதாவது பூமியின் மேற்பரப்பில் மிகக் குறுகிய வழியாக அளந்தால், சுமார் 4,300 கிலோமீட்டர். சென்னை விமான நிலையத்திலிருந்து ஜித்தாவுக்கு ஏறத்தாழ 4,450 கிலோமீட்டர். இடையில் நிற்காமல் பறக்கும் விமானம் ஐந்தரை முதல் ஆறு மணி நேரத்தில் அதைக் கடந்துவிடும்.

இந்த இரண்டு எண்களில் முதலாவது, அதாவது தூரம், நம் பாட்டனார் காலத்திலும் இதுவே. அவருடைய பாட்டனார் காலத்திலும் இதுவே. ஒரு சாண் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மாறியது நேரம் மட்டுமே. அந்த மாற்றம் எப்படி வந்தது, அது நம்மீது என்ன பொறுப்பைச் சுமத்தியது என்பதை வரலாற்றின் துணையோடு எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாளால் அளந்த காலம்

பண்டைய மக்கள் தூரத்தை நாளால் அளந்தார்கள். "எத்தனை காதம்?" என்று கேட்டாலும் மனத்தில் இருந்த கேள்வி "எத்தனை நாள் நடை?" என்பதே. அரபு நாட்டிலும் அவ்வாறே. ஒட்டகக் கூட்டம் ஒரு நாளில் கடக்கும் தூரத்தை மர்ஹலா என்றனர். திருக்குர்ஆனும் மக்கள் அறிந்த இந்த அளவையிலேயே பேசுகிறது. நபி சுலைமான் (அலை) அவர்களுக்கு வசப்படுத்தித் தரப்பட்ட காற்றின் வேகத்தைச் சொல்லும்போது, அதன் காலைப் பயணம் ஒரு மாத தூரம், மாலைப் பயணம் ஒரு மாத தூரம் என்ற பொருளில் வசனம் அமைந்துள்ளது (34:12).

நபி (ஸல்) அவர்கள் ஓரிரவில் மஸ்ஜிதுல் ஹராமிலிருந்து மஸ்ஜிதுல் அக்ஸாவுக்கு அழைத்துச் செல்லப்பட்ட இஸ்ரா நிகழ்ச்சியை நினைத்துப் பாருங்கள். மக்கத்துக் குறைஷிகள் முதலில் எழுப்பிய எதிர்ப்பு என்ன? போவதற்கு ஒரு மாதம், வருவதற்கு ஒரு மாதம் பிடிக்கும் வழியை ஒரே இரவில் கடந்தீரா என்பதுதான். மக்காவுக்கும் பைத்துல் முகத்தஸுக்கும் இடையே ஆகாயத் தூரம் சுமார் 1,240 கிலோமீட்டர். தூரத்தை அவர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். ஒட்டகத்தின் நடையைத் தாண்டி ஒரு நேரத்தை அவர்களால் எண்ணிப் பார்க்க இயலவில்லை. அபூபக்ர் (ரலி) அவர்களோ சொன்னவர் யார் என்று மட்டுமே பார்த்தார்கள். நபியவர்கள் சொல்லியிருந்தால் அது உண்மை என்றார்கள். ஸித்தீக் என்னும் பெயர் பெற்றார்கள்.

இன்று விமானம் வந்துவிட்டதால் இஸ்ராவை நம்புவது எளிதாகிவிட்டது என்று சிலர் மேடைகளில் பேசுகிறார்கள். அது சரியான வாதம் அன்று. முஃஜிஸா என்பது இயந்திரத்தைச் சாட்சிக்கு அழைத்து நிறுவப்படும் ஒன்றல்ல. விமானம் நமக்குக் கற்பிப்பது வேறொரு பாடம். மனிதன் 'இயலாது' என்று தீர்மானிக்கும் எல்லை, பெரும்பாலும் அவன் பழகிய வாகனத்தின் எல்லையே ஆகும்.

கி.பி. 622-இல் நபி (ஸல்) அவர்கள் ஹிஜ்ரத் புறப்பட்டபோது மக்காவிலிருந்து மதீனாவுக்குக் குகைகளும் மறைவழிகளும் கொண்ட நெடும்பயணம் செய்தார்கள். ஸவ்ர் குகையில் மட்டும் மூன்று இரவுகள் தங்கினார்கள். 2018-இல் தொடங்கிய ஹரமைன் விரைவு ரயில் இவ்விரு நகரங்களையும் இணைக்கும் 450 கிலோமீட்டர் பாதையில் மணிக்கு 300 கிலோமீட்டர் வேகம் வரை செல்கிறது. இரண்டரை மணி நேரத்தைச் சுற்றிய பயணம். ஆயினும், நம் ஆண்டுக் கணக்கு தொடங்குவது அந்த ரயிலிலிருந்து அல்ல, அந்த நெடும்பயணத்திலிருந்துதான்.

கிப்லாவைத் தேடியவர்கள் கண்ட கணக்கு

இரண்டு ஊர்களுக்கு இடையே ஆகாயத் தூரம் எவ்வளவு என்று கணக்கிடும் கலை, விமானம் பறப்பதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே முஸ்லிம் அறிஞர்களிடம் வளர்ந்திருந்தது. காரணம் பயணம் மட்டுமன்று, தொழுகையும்தான். எந்த ஊரில் இருந்தாலும் கஅபாவை முன்னோக்க வேண்டும். அதற்கு, அந்த ஊர் பூமியில் எங்கே இருக்கிறது, மக்கா எங்கே இருக்கிறது, இரண்டையும் இணைக்கும் குறுகிய வளைகோடு எத்திசையில் செல்கிறது என்பவை தெரிய வேண்டும். விமானங்கள் பறக்க விரும்பும் குறுகிய வழியும், கிப்லாவின் திசையும் ஒரே கோடுதான்.

கலீஃபா மஃமூன் (ஆட்சிக் காலம் கி.பி. 813–833) காலத்தில் அறிஞர்கள் இராக்கின் சிஞ்சார் சமவெளிக்குச் சென்றார்கள். துருவ விண்மீனின் உயரம் சரியாக ஒரு பாகை மாறும் வரை ஒரு குழு வடக்கே நடந்தது. மற்றொரு குழு தெற்கே நடந்தது. நடந்த தூரத்தை அளந்து, பூமியின் ஒரு பாகைக்கு 56⅔ அரபு மைல் என்று கண்டார்கள். மேடு பள்ளமற்ற வெளியில் மனிதன் கால்நடையாக நடந்து பூமியின் சுற்றளவைக் கண்ட நிகழ்ச்சி அது. நம் கரிசல் காட்டில் நின்று, வானம் மண்ணைத் தொடும் விளிம்பைப் பார்த்தவர்களுக்கு, ஏன் சமவெளியைத் தேடிப் போனார்கள் என்பது விளங்கும்.

அடுத்து வந்தவர் அபூ ரைஹான் அல்பிரூனி (கி.பி. 973–1048). கி.பி. 997-இல் ஒரு சந்திர கிரகணத்தை அவர் குவாரஸ்மில் இருந்து கவனித்தார்; அதே கிரகணத்தை பக்தாதில் இருந்து அபுல் வஃபா கவனித்தார். கிரகணம் எல்லா ஊர்களுக்கும் ஒரே கணத்தில்தான் நிகழும். ஆனால் ஒவ்வோர் ஊரின் கடிகையும் வெவ்வேறு நேரத்தைக் காட்டும். அந்த நேர வேறுபாட்டைக் கொண்டு இரு நகரங்களும் கிழக்கு மேற்காக எவ்வளவு விலகியிருக்கின்றன என்பதைக் கண்டார்கள். நேரத்தைக் கொண்டு தூரத்தை அளந்த அருமையான முறை இது. பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. கோவில்பட்டிக்கும் மக்காவுக்கும் இடையே கிழக்கு மேற்காக 38 பாகை வேறுபாடு. அதனால்தான் நம் ஊரில் சூரியன் உச்சி சாய்ந்து ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் கழித்தே அங்கே லுஹர் நேரம் வருகிறது.

பிற்காலத்தில் கஸ்னாவில் வாழ்ந்த அல்பிரூனி, அவ்வூரின் கிப்லாவைத் துல்லியமாகக் காண்பதற்காக, ஊர்களின் எல்லைகளையும் தூரங்களையும் வரையறுக்கும் தனிநூல் ஒன்றையே எழுதினார். இன்று பாகிஸ்தானில் உள்ள நந்தனாக் கோட்டையருகே ஒரு மலையின் உயரத்தையும், அதன் உச்சியிலிருந்து அடிவானம் தாழ்ந்து தோன்றும் கோணத்தையும் அளந்து பூமியின் ஆரத்தைக் கணக்கிட்டதும் அவரே.

அந்தக் கணக்கின்படி நம் ஊரைப் பார்ப்போமா? கோவில்பட்டியிலிருந்து கிப்லா, நேர் மேற்கிலிருந்து வடக்கே சுமார் 23 பாகை சாய்ந்தது. தட்டையான நிலப்படத்தில் அளவுகோலை வைத்து கோடிழுத்தால் இந்தச் சாய்வு குறைவாகவே தோன்றும். பூமி உருண்டை என்பதால் குறுகிய வழி சற்று வடக்கே வளைந்து செல்கிறது. பள்ளிவாசல் கட்டும்போது நாம் காணும் இந்தக் கோடும், ஜித்தா விமானம் செல்ல விரும்பும் வழியும் ஒரே கணிதத்தின் இரு பயன்கள்.

தமிழகத்தில் நிலத்தைத் துல்லியமாக அளக்கும் பெருமுயற்சி 1802-இல் சென்னையில் தொடங்கியது. வில்லியம் லாம்டன் பரங்கிமலைப் பகுதியில் ஏழரை மைல் நீள அடிக்கோடு ஒன்றைச் சங்கிலியால் அளந்தார். அதன் மேல் முக்கோணம் முக்கோணமாக அளவை வளர்ந்து தெற்கே குமரிப் பகுதி வரை நீண்டது. அந்தப் பேரளவையின் முதுகெலும்பான 78-ஆம் பாகை நெடுங்கோடு நம் கோவில்பட்டிக்கு மிக அருகிலேயே செல்கிறது. அன்று சங்கிலி கிடந்த பரங்கிமலைக்குப் பக்கத்தில்தான் இன்று மீனம்பாக்கம் விமான நிலையம் இருக்கிறது. அளவை தொடங்கிய இடத்திலேயே ஆகாய வழியும் தொடங்குகிறது.

வண்டிப் பாதையும் இருப்புப் பாதையும்

தூரத்தின் கணக்கு தெரிந்துவிட்டது. ஆனால் கரிசல் மக்களுக்கு அதனால் என்ன? மழை பெய்தால் கரிசல் மண் சக்கரத்தில் அப்பிக்கொள்ளும். மாடு இழுத்தாலும் வண்டி நகராது. வெயில் காலத்தில் அதே மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஐப்பசி கார்த்திகையில் பக்கத்து ஊருக்குப் போவதே ஒரு நாள் வேலை. ஆகாயத் தூரம் எல்லாருக்கும் ஒன்றுதான். காலடியில் கிடக்கும் மண்ணே நேரத்தைத் தீர்மானித்தது.

இந்த மண்ணில் வாழ்ந்தவர்தான் சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவர் (ரஹ்). எட்டயபுரம் அரண்மனைப் புலவராக இருந்த அவர், வள்ளல் சீதக்காதியின் ஆதரவை நாடிக் கீழக்கரைக்குச் சென்றார். பின்னர் பறங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயரின் ஆதரவில் நூலை நிறைவு செய்யும் வழி கண்டார். எட்டயபுரத்திலிருந்து பறங்கிப்பேட்டை நேர்கோட்டிலேயே 300 கிலோமீட்டருக்கு மேல். அந்நாளில் அது பல நாள் பயணம். நூலின் மூன்றாம் காண்டத்திற்கு ஹிஜ்றத்துக் காண்டம் என்று பெயர். மக்காவுக்கும் மதீனாவுக்கும் இடையிலான பயணத்தைத் தமிழில் பாடிய அந்தப் பெருமகன் இன்று எட்டயபுரத்திலேயே அடங்கியிருக்கிறார்.

1876-ஆம் ஆண்டு மதுரையிலிருந்து தூத்துக்குடி வரை இருப்புப் பாதை வந்தது. கோவில்பட்டி அதன் வழியில் ஒரு நிலையமாயிற்று. அதே ஆண்டில்தான் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சமும் தென்னிந்தியாவைப் பற்றியது. நிலையம் வந்தபின் கோவில்பட்டியின் முகம் மாறியது, கரிசலின் பருத்தி ரயிலேறியது, பஞ்சாலைகள் எழுந்தன. சென்னையிலிருந்து தூத்துக்குடி வந்து நீராவிக் கப்பலில் கொழும்பு சென்ற பயணிகள் இவ்வழியாகவே கடந்தார்கள். 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு தனுஷ்கோடி வழி வரும் வரை இலங்கைக்கு இதுவே பெருவழி.

அந்தக் கடல்வழியில் நேரத்தையும் கட்டணத்தையும் அந்நியர் ஒருவரே தீர்மானிப்பதா என்று கேட்டவர், நம் வட்டாரத்து ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ. சிதம்பரனார். 1906-இல் அவர் தொடங்கிய சுதேசிக் கப்பல் நிறுவனத்திற்கு ஹாஜி முகம்மது பக்கீர் சேட் இரண்டு லட்சம் ரூபாய்க்குப் பங்கு வாங்கி உதவியதை முஸ்லிம் வீடுகளில் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். பயண வழி யார் கையில் இருக்கிறதோ, பயணியின் நேரமும் அவர் கையில்தான் இருக்கிறது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

கப்பலில் சென்ற ஹாஜிகள்

நம் பாட்டனார் தலைமுறையில் ஹஜ்ஜுக்குச் சென்றவர்களின் பயணத்தை எண்ணிப் பாருங்கள். முதலில் ரயிலேறிச் சென்னை. அங்கிருந்து இரண்டு நாள் ரயிலில் பம்பாய். அங்கே முசாஃபிர்கானாவில் கப்பலுக்காகக் காத்திருப்பு. பின் அரபிக் கடலில் எட்டு முதல் பத்து நாட்கள். ஒரு காலத்தில் செங்கடலில் உள்ள கம்ரான் தீவில் நோய்த் தடுப்புக்காக இறக்கி நிறுத்தப்பட்டு, அதன் பிறகே ஜித்தா செல்ல முடிந்தது. போய்த் திரும்ப மாதக் கணக்கில் ஆயிற்று.

ஆகவே அவர்கள் புறப்பட்ட விதமே வேறு. கடனைத் தீர்த்தார்கள். வஸிய்யத் எழுதி வைத்தார்கள். வீடு வீடாகச் சென்று, "ஏதேனும் தவறு செய்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று மன்னிப்புக் கேட்டார்கள். ஊரே ரயில் நிலையம் வரை வந்து வழியனுப்பியது. திரும்பி வருவோம் என்ற நிச்சயம் இல்லாமல் போனதால், போகும்போதே கணக்கை முடித்துவிட்டுப் போனார்கள். கப்பல் யலம்லம் எல்லையை நெருங்கும் செய்தி வந்ததும் எல்லாரும் குளித்து இஹ்ராம் உடுத்தினார்கள். தல்பியா முழக்கம் கடல்மேல் எழுந்தது.

இந்தியாவிலிருந்து ஹஜ் கப்பல் 1995-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. இன்று எல்லாரும் வான் வழியே. மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் விமானம் ஒரு நிமிடத்திற்கு 15 கிலோமீட்டர் கடக்கிறது. மீகாத் எல்லை வருவதும் மறைவதும் சில நிமிடங்களில். இஹ்ராம் பையை விமானத்தின் அடிப்பகுதிச் சுமைகளோடு அனுப்பிவிட்டு, எல்லை கடந்த பின் திகைத்தவர்கள் உண்டு. வேகம் வசதியைத் தந்தது. ஆயத்தத்தை முன்கூட்டியே செய்ய வேண்டிய கடமையையும் கூடவே தந்தது.

வானூர்தி வந்த வழி

இந்தியாவின் வான் வழியில் 1932 அக்டோபர் 15 ஒரு முக்கிய நாள். ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அஞ்சல் பைகளோடு சிறு விமானத்தை ஓட்டி வந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் அதைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டு சேர்த்தார். 1938-இல் அந்த வழி கொழும்பு வரை நீண்டது. முதலில் பறந்தது கடிதம். மனிதன் அதன் பின்னரே.

கரிசல் பகுதிக்கு அருகில் வான்வழி வந்தது 1992-இல், தூத்துக்குடி வாகைக்குளத்தில். இடையில் சேவை நின்று, 2006-இல் மீண்டும் சென்னை விமானங்கள் தொடங்கின. குறுகிய ஓடுதளத்தில் சிறு விமானங்களே இறங்க முடிந்தது. ஓடுதளம் 1,350 மீட்டரிலிருந்து 3,115 மீட்டராக நீட்டப்பட்டு, 2025 ஜூலையில் புதிய முனையமும் திறக்கப்பட்டது.

இப்போது கணக்கைப் பாருங்கள். சென்னைக்கும் வாகைக்குளத்துக்கும் ஆகாயத் தூரம் சுமார் 525 கிலோமீட்டர். பறக்கும் நேரம் ஒன்றரை மணிக்குள். ஆனால் கோவில்பட்டியில் வீட்டிலிருந்து புறப்படுபவர் சாலையில் ஒரு மணி நேரத்திற்கு மேல் செல்ல வேண்டும். விமானம் கிளம்ப ஒன்றரை மணி முன்னதாகவே அங்கிருக்க வேண்டும். சென்னையில் இறங்கி, பெட்டியைப் பெற்று, நகருக்குள் செல்ல மேலும் ஒரு மணி. ஆக ஐந்து மணி நேரம். பறந்த நேரத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல். இரவு ரயிலில் படுத்து உறங்கி ஏறத்தாழ 590 கிலோமீட்டர் சென்று காலையில் எழும்பூரில் இறங்குபவர் ஒன்பது பத்து மணி நேரம் செலவிடுகிறார்; ஆனால் அவர் பகல் பொழுது ஒன்றை இழப்பதில்லை.

இதில் இன்னும் சில நுட்பங்கள் உண்டு. விமானம் வரைந்த கோட்டின்படி அப்படியே பறப்பதில்லை. வகுக்கப்பட்ட வான் பாதைகளில் செல்வதால் தூரம் சற்றுக் கூடும். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் காற்றால், ஜித்தாவுக்குப் போகும் நேரத்தைவிடத் திரும்பி வரும் நேரம் பெரும்பாலும் குறையும். கடிகாரமோ இதற்கு நேர் எதிராகக் காட்டும். சென்னையில் காலை 6 மணிக்கு ஏறி ஆறு மணி நேரம் பறந்தவர், ஜித்தாவில் இறங்கும்போது அங்கே காலை 9.30 மணிதான். சூரியனைத் துரத்திக்கொண்டு மேற்கே செல்வதால் பகல் நீளும், திரும்பும்போது சுருங்கும். ஆகவே விமானத்தில் தொழுகை நேரத்தை ஊர்க் கடிகாரத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், விமானம் இருக்கும் இடத்தை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

புறப்படும் இடம் மாறினாலும் கணக்கு மாறும். பெருந்தொற்றுக்குப் பின் 2022-இல் ஹஜ் நடந்தபோது சென்னை புறப்பாட்டுத் தலமாக இல்லை. தமிழக ஹாஜிகள் கொச்சியிலிருந்து சென்றனர். 2023-இல் சென்னை மீண்டும் கிடைத்தது. கொச்சியிலிருந்து ஜித்தா சுமார் 280 கிலோமீட்டர் குறைவு. கோவில்பட்டிக்கும் சென்னையைவிடக் கொச்சியே அருகில். ஆனால் வட மாவட்டங்களின் முதியோருக்கோ வீட்டிலிருந்து விமானப் படிக்கட்டு வரையிலான வழி நீண்டது. ஆகாயத் தூரம் குறைந்தும் பயணம் கூடியது.

இலகுவான பயணமும் பயணமே

பயணம் இவ்வளவு இலகுவான பின்னும் கஸ்ர் தொழுகைச் சலுகை உண்டா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். உண்டு. பழைய நடைக் கணக்கை அறிஞர்கள் இன்றைய அளவையில் 77 முதல் 88 கிலோமீட்டர் வரை என வெவ்வேறாகக் கணித்துள்ளனர். சலுகைக்கு அளவுகோல் அந்தத் தூரம்தான். கழிந்த நேரமோ பட்ட களைப்போ அன்று. கோவில்பட்டியிலிருந்து மதுரைக்குச் செல்பவர், ஒன்றரை மணி நேரத்தில் காரில் போய்ச் சேர்ந்தாலும் பயணியே. தூத்துக்குடிக்குச் செல்பவர், நெரிசலில் மூன்று மணி நேரம் சிக்கினாலும் அந்தக் கணக்கில் பயணி அல்லர். நேரம் ஆளுக்கு ஆள் மாறும். தூரம் எல்லாருக்கும் ஒன்று. ஏழை, செல்வர் வேறுபாடின்றி ஒரே சட்டம் நிற்க வேண்டுமானால் அது மாறாத ஒன்றின் மேல்தான் நிற்க முடியும்.

அந்த ஆறு மணி நேரம்

இனி நம் நெஞ்சைத் தொடும் இடத்திற்கு வருவோம். நம் வட்டாரத்தில் பல வீடுகள் கண்ட காட்சி இது. ஃபஜ்ருக்கு முன் தந்தை மௌத்தாகிவிடுகிறார். மூத்த மகன் ஜித்தாவில். தொலைபேசியில் அழுகையோடு சொல்கிறான்: "மாமா, ஆறு மணி நேரந்தானே? நான் வந்துடுறேன். வாப்பா முகத்தை ஒரு தடவை பார்த்துக்கிடுறேன், அடக்கிடாதீங்க." மாமா என்ன சொல்வார்? முற்றத்தில் ஹஜ்ரத் நிற்கிறார். உள்ளே உம்மா கேட்டுக்கொண்டிருக்கிறார்.

ஆறு மணி நேரம் என்பது விமானத்தின் நேரம். வெளியேறும் அனுமதி, பயணச்சீட்டு, அன்று நேரடி விமானம் இல்லையென்றால் இடையில் வேறொரு நாட்டில் காத்திருப்பு, இறங்கிய விமான நிலையத்திலிருந்து கோவில்பட்டிக்கு நான்கு மணி நேரமோ பத்து மணி நேரமோ சாலை. எல்லாம் கூட்டினால் ஒரு பகலும் ஓர் இரவும் ஆகிவிடும். ஜனாஸாவை விரைவுபடுத்துமாறு நபி (ஸல்) அவர்கள் கற்பித்துள்ளார்கள். உடல் மாற்றமடையும் அச்சம் இல்லாதவரை நெருங்கிய உறவினருக்காகச் சிறிது நேரம் காத்திருக்க ஃபிக்ஹு நூல்களில் இடமுண்டு. நாட்கணக்கில் நீட்டுவதை அவை விரும்பவில்லை. வர இயலாத மகன் குற்றவாளி அல்லன். அபிசீனியாவில் மன்னர் நஜ்ஜாஷி மறைந்தபோது, கடல் கடந்த அந்தத் தூரத்திலிருந்து நபி (ஸல்) அவர்கள் மதீனாவிலேயே ஜனாஸாத் தொழுகை நடத்தினார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் காயிப் ஜனாஸாவுக்கு ஆதாரம் இதுவே. துஆவுக்கு ஓடுதளமும் அனுமதிச் சீட்டும் தேவையில்லை.

ஆனால் அந்த மகன் தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டிய வேறொரு கேள்வி உண்டு. சென்ற ஆண்டு விடுப்பு இருந்தது. விமானம் இருந்தது. வாப்பா உயிரோடு இருந்தார். அப்போதும் அதே ஆறு மணி நேரம்தானே?

சகோதரர்களே! பினாங்குக்கும் பர்மாவுக்கும் கொழும்புக்கும் கப்பலேறிப் போன நம் முன்னோர், பெற்றோரைப் பார்க்க வராமல் இருந்ததற்குத் தூரம் ஒரு தக்க காரணமாக இருந்தது. கடிதம் வர ஒரு மாதம். ஆள் வர இரண்டு மாதம். நமக்கு அந்தக் காரணம் இல்லை. தூரம் அப்படியே இருக்கிறது. அதைச் சாக்காகச் சொல்லும் உரிமை நம்மிடமிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. சென்னையில் இருந்துகொண்டு, ஓரிரவு ரயிலில் வந்து சேரக்கூடிய கோவில்பட்டிக்கு ஈராண்டாக வராத பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஜித்தாவில் இருப்பவனைவிட அவர்கள்தாம் தொலைவில் இருக்கிறார்கள்.

பயணம் உணவையும் உறக்கத்தையும் தடுக்கும் ஒரு துன்பம் என்பதை நினைவூட்டி, போன காரியம் முடிந்ததும் குடும்பத்திடம் விரைந்து திரும்புமாறு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். அந்த அறிவுரையில் நமக்கு மூன்று பாடங்கள் உள்ளன.

ஒன்று: பயணம் ஒரு மணி நேரமானாலும், மாதக் கணக்கில் போகும் பாட்டனாரைப் போலப் புறப்படுங்கள். கடனை எழுதி வையுங்கள். வஸிய்யத்தை எழுதி வையுங்கள். மனம் நோகச் செய்தவரிடம் மன்னிப்புக் கேளுங்கள். விமானம் விரைவாகச் செல்கிறது என்பதால் மௌத் மெதுவாக வருவதில்லை.

இரண்டு: பயணத்தில் மிச்சமான நேரத்தை எங்கே செலவிட்டோம் என்று கணக்குப் பாருங்கள். பாட்டனார் கப்பலில் கழித்த பத்து நாட்களை அல்லாஹ் நமக்கு மிச்சப்படுத்தித் தந்திருக்கிறான். அது அமானிதம்.

மூன்று: பெற்றோர் இருக்கும்போதே வாருங்கள். ஜனாஸாவுக்கு விரைந்து வருவதைவிட, கட்டிலருகே உட்கார்ந்து ஒரு குவளைத் தண்ணீர் கொடுப்பதே மேலான பயணம்.

வல்ல ரஹ்மான் நம் தூரங்களை இலகுவாக்கித் தருவானாக! அவன் இலகுவாக்கித் தந்த வழிகளில் உறவுகளை நாடிச் செல்லும் கால்களை நமக்கு வழங்குவானாக! வெளிநாடுகளில் உழைக்கும் நம் பிள்ளைகளையும், ஊரில் அவர்களுக்காக வாசலைப் பார்த்துக் காத்திருக்கும் பெற்றோரையும் பாதுகாத்து நலமோடு ஒன்று சேர்ப்பானாக! ஆமீன்.